ஹாஸ்பிடல் டீல்ல பணம் யார் கைக்குப் போகுது? ஃபோர்டிஸ் கதையை வச்சு ஒரு கணக்கு



ஹெல்த்கேர் பத்தி நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி கண்டிப்பா வந்துடும்: “இந்த ஹாஸ்பிடல் குரூப்பை அந்த குரூப் வாங்குதாமே, ஷேர் வாங்கிப் போடலாமா?” கேட்கிறவங்க பெரும்பாலும் வேலையில சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆனவங்க. மாசா மாசம் எஸ்ஐபி போய்க்கிட்டு இருக்கும், கூடவே டீமேட்ல சொந்தமா எடுத்த நாலஞ்சு ஷேர் இருக்கும். “4,000 கோடி முதலீடு”ன்னு ஒரு தலைப்பைப் பார்த்ததும் கை பரபரக்கும்.

அந்த 4,000 கோடிங்கிற நம்பரை மட்டும் வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுங்க. அந்தப் பணம் கம்பெனியோட பேங்க் அக்கவுண்ட்டுக்கு வருதா, இல்ல வித்துட்டுப் போறவரோட அக்கவுண்ட்டுக்குப் போகுதா? அதுதான் முதல் கேள்வி. இதைப் புரிஞ்சுக்க ஃபோர்டிஸ் ஹெல்த்கேரை விட நல்ல பாடம் நம்ம நாட்டுல இல்லைன்னு நினைக்கிறேன். வாங்கினது, வித்தது, கட்டடத்தை டிரஸ்ட்டுக்கு மாத்தினது, ப்ரொமோட்டர் வெளியே போனது, போட்டி ஏலம், ஓபன் ஆஃபர், சுப்ரீம் கோர்ட்... எல்லாமே ஒரே கம்பெனியில நடந்திருக்கு.

முன்னாடியே சொல்லிடறேன். நான் சிஏ. செபியில பதிவு செஞ்ச முதலீட்டு ஆலோசகர் கிடையாது. கீழே வர்ற எந்தப் பேரும் வாங்கச் சொல்லியோ விக்கச் சொல்லியோ எழுதினது இல்லை.

கட்டாம ஏன் வாங்குறாங்க?

புதுசா ஒரு ஹாஸ்பிடல் கட்டணும்னா நிலம், பிளான் அப்ரூவல், கட்டடம், மெஷின்னு சில வருஷம் ஓடிடும். திறந்த பிறகும் முதல் நாளே பெட் நிறையாது. நல்ல டாக்டர்கள் வந்து, அவங்க பேர் அந்த ஏரியாவுல பரவி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோட ஒப்பந்தம் போட்டு, பெட் நிறையறதுக்குள்ள இன்னும் ரெண்டு மூணு வருஷம் நஷ்டம்தான். ஏன்னா நர்ஸ் சம்பளம், கரண்ட் பில், மெஷின் பராமரிப்பு எல்லாம் நோயாளி வந்தாலும் வராட்டியும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

ஓடிக்கிட்டு இருக்கிற ஹாஸ்பிடலை வாங்கினா இந்தக் காத்திருப்பு இல்லை. அதோட, 20 ஹாஸ்பிடலுக்குச் சேர்த்து மருந்தும் ஸ்டென்ட்டும் வாங்கினா விலை குறையும். இன்ஷூரன்ஸ் கம்பெனியோட கட்டணம் பேசும்போதும் கை ஓங்கி இருக்கும். இணைப்பு அறிவிப்புல “சினர்ஜி”ன்னு அழகா ஒரு வார்த்தை போடுவாங்க பாருங்க, அதுக்கு நடைமுறை அர்த்தம் பெரும்பாலும் இதுதான். இந்த ரெண்டாவது விஷயத்தால கடைசியில பில் கட்டுறவங்களுக்கு லாபமா நஷ்டமாங்கிறது தனி வீடியோ போடவேண்டிய விஷயம். இப்போ விட்டுடுவோம்.

ஹாஸ்பிடல் தொழில்ல செலவு பெரும்பாலும் நிலையானதுங்கிறதை மட்டும் மனசுல வச்சுக்குங்க. பின்னாடி தேவைப்படும்.

ஒரே மாதிரி தலைப்பு, ரெண்டு வேற டீல்

2023 ஏப்ரல்ல சிங்கப்பூரோட டெமாசெக் நிறுவனம், மணிபால் ஹாஸ்பிடல்ஸ்ல தன் பங்கை 59% ஆக உயர்த்தப் போறதா அறிவிச்சது. பெரிய டீல். பணம் எங்கே போச்சு? ஏற்கனவே பங்கு வச்சிருந்த டிபிஜி, என்ஐஐஎஃப், ப்ரொமோட்டர் குடும்பம்னு வித்தவங்களுக்குத்தான் பெரும்பகுதி போச்சு. இதை செகண்டரி டீல்னு சொல்லுவோம். தப்பு ஒண்ணும் இல்லை. உங்க வீட்டை நீங்க வித்தா பணம் உங்களுக்குத்தானே வரும், வீட்டுக்கா வரும்? ஆனா இந்த மாதிரி டீலால அந்தக் கம்பெனி கையில புது ஹாஸ்பிடல் கட்டப் பணம் சேர்ந்துடாது.

2018ல மலேசியாவோட ஐஹெச்ஹெச் ஹெல்த்கேர் ஃபோர்டிஸ்ல போட்ட 4,000 கோடி வேற வகை. ஃபோர்டிஸ் புதுசா ஷேர் அச்சடிச்சு, ஒரு ஷேர் 170 ரூபாய்னு ஐஹெச்ஹெச்சுக்குக் கொடுத்தது. 4,000 கோடியை 170 ஆல வகுத்தா சுமார் 23.5 கோடி ஷேர். மொத்தத்துல 31.1%. பணம் நேரா கம்பெனிக்குள்ள வந்தது. இது பிரைமரி.

ஏன் கம்பெனிக்குள்ள பணம் வந்தாகணும்ங்கிற நிலைமை வந்தது? அதுதான் கதை.

வளர்ந்த வேகம்

ஃபோர்டிஸோட முதல் ஹாஸ்பிடல் 2001ல மொஹாலியில திறந்தது. ரான்பாக்ஸி மருந்துக் கம்பெனி குடும்பத்தைச் சேர்ந்த மல்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங் சகோதரர்கள்தான் ப்ரொமோட்டர். 2007ல 108 ரூபாய்க்கு ஐபிஓ. 2008ல ரான்பாக்ஸியில இருந்த தங்கள் பங்கை ஜப்பானோட டாய்ச்சி சாங்க்யோவுக்கு வித்தாங்க. அவங்களுக்குக் கிடைச்சது 9,000 கோடிக்கு மேல். இந்த ஜப்பான் கம்பெனி பேரை ஞாபகம் வச்சுக்குங்க, பத்து வருஷம் கழிச்சுத் திரும்ப வரும்.

2009ல வோக்ஹார்ட்டோட பத்து ஹாஸ்பிடல்களை 909 கோடிக்கு வாங்கினாங்க. 2010ல சிங்கப்பூரோட பார்க்வே ஹாஸ்பிடல் குரூப்புல 23.9% பங்கு. அங்கே மலேசிய அரசோட முதலீட்டு நிறுவனம் கசானா போட்டிக்கு வந்தது. ஃபோர்டிஸ் ஒரு விலை சொல்ல, கசானா அதைவிட ஏத்திச் சொல்ல, கடைசியில ஃபோர்டிஸ் தன் பங்கைக் கசானாவுக்கே 3.95 சிங்கப்பூர் டாலர் வீதம் வித்துட்டு லாபத்தோட வெளியே வந்தது. அந்தப் பார்க்வேயைத்தான் கசானா ஐஹெச்ஹெச் குடைக்குள்ள கொண்டு வந்தது. எட்டு வருஷம் கழிச்சு அதே ஐஹெச்ஹெச் வந்து ஃபோர்டிஸை வாங்குது. சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம்.

கட்டடம் யாருக்குச் சொந்தம்?

2012ல ஃபோர்டிஸ் ஒரு காரியம் பண்ணது. தன் ஹாஸ்பிடல் கட்டடங்களையும் அதோட சேர்ந்த வசதிகளையும் ரெலிகேர் ஹெல்த் டிரஸ்ட்ங்கிற ஒரு பிசினஸ் டிரஸ்ட்டுக்கு மாத்தி, அந்த டிரஸ்ட்டை சிங்கப்பூர் பங்குச் சந்தையில பட்டியலிட்டது. யூனிட் விலை 0.90 சிங்கப்பூர் டாலர். கட்டடத்துல முடங்கின பணம் ஃபோர்டிஸ் கைக்கு வந்தது, அதை வச்சுக் கடனைக் குறைக்கலாம். பதிலுக்கு, அந்த இடங்களைப் பயன்படுத்துறதுக்கு ஃபோர்டிஸ் வருஷா வருஷம் டிரஸ்ட்டுக்குக் கட்டணம் கட்டணும். ஒரு நிலையான தொகை, அதுக்கு மேல வருமானத்துல ஒரு பங்கு.

“அசெட் லைட்”னு இதுக்கு நல்ல பேர் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கும். உங்க பாஷையில சொல்லணும்னா, சொந்த வீட்டை வித்துட்டு அதே வீட்டுல வாடகைக்கு இருக்கிறது. கையில மொத்தமா பணம் வரும். ஆனா வாடகை நிக்காது.

ஒரு உதாரணக் கணக்கு பாருங்க. எந்தக் கம்பெனியோடதும் இல்லை, நானா போட்டது. ஒரு ஹாஸ்பிடலோட வருமானம் 100 ரூபாய். வாடகைக்கு முன்னாடி மிச்சம் 25. ஒரு வருஷம் நோயாளிகள் குறைஞ்சு வருமானம் 90 ஆகுது. செலவு பெரும்பாலும் நிலையானதுன்னு முன்னாடி சொன்னேன் இல்லையா, அதனால மருந்து மாதிரி செலவு 3 மட்டும் குறையும். மிச்சம் 25லேர்ந்து 18 ஆகுது. வலிக்கும், ஆனா சமாளிக்கலாம். இப்போ இதே ஹாஸ்பிடல் 12 ரூபாய் வாடகை கட்டுதுன்னா? நல்ல வருஷத்துல மிச்சம் 13. கெட்ட வருஷத்துல 6. பாதிக்கும் கீழே. வருமானம் குறைஞ்சது 10% தான்.

இதுல ஒரு கணக்கியல் நுணுக்கம் இருக்கு, இதைத் தெரியாம நிறைய பேர் ஏமாந்துடறாங்க. 2019 ஏப்ரல்ல இந்த் ஏஎஸ் 116 வந்த பிறகு, நீண்டகால வாடகை பெரும்பாலும் லாப நஷ்டக் கணக்குல வாடகையா வராது. தேய்மானம், வட்டின்னு ரெண்டா பிரிஞ்சு கீழே போயிடும். அதனால எபிட்டா பார்க்க கொழுகொழுன்னு இருக்கும். சொந்தக் கட்டடத்துல நடக்குற ஹாஸ்பிடலையும் வாடகைக் கட்டடத்துல நடக்குற ஹாஸ்பிடலையும் எபிட்டா மார்ஜினை மட்டும் வச்சு ஒப்பிட்டீங்கன்னா தப்பான பதில்தான் கிடைக்கும். பணப்புழக்க அறிக்கையில, நிதி நடவடிக்கைகள் பகுதியில, குத்தகைக்குக் கட்டின தொகைன்னு ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் பிடிச்சுக் கழிச்சுட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

இந்தக் கட்டட விஷயம் எவ்வளவு தூரம் போகும்னு தெரியணும்னா அமெரிக்காவோட ஸ்டூவர்ட் ஹெல்த் கேரைப் பார்க்கலாம். செர்பெரஸ்ங்கிற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் கையில இருந்த ஹாஸ்பிடல் குரூப் அது. 2016ல மெடிக்கல் பிராப்பர்ட்டீஸ் டிரஸ்ட்டோட சுமார் 125 கோடி டாலர் டீல் போட்டு, கட்டடங்களை அதுக்கு மாத்திட்டு வாடகைக்கு இருக்க ஆரம்பிச்சது. 2024 மே மாசம் திவால். அந்த ஆகஸ்ட்ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல கார்னி, நஷோபா வேலின்னு ரெண்டு ஹாஸ்பிடல்களை இழுத்து மூடினாங்க. திவாலுக்குக் காரணம் வாடகை மட்டும்தான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆஸ்பத்திரி தள்ளாடும்போது வீட்டுக்காரர் வாடகையைக் கேட்டுக்கிட்டே நின்னா என்ன ஆகும்னு அங்கே தெரிஞ்சது.

ஃபோர்டிஸுக்குத் திரும்ப வருவோம். ஐஹெச்ஹெச் கொண்டு வந்த 4,000 கோடியில முதல் வேலை என்ன தெரியுமா? 2019 ஜனவரியில, சுமார் 4,650 கோடி மதிப்புல அந்த டிரஸ்ட்டோட இந்தியச் சொத்துக்களைத் திரும்ப வாங்கினது. 2012ல வித்த கட்டடம், 2019ல மறுபடியும் வீட்டுக்கு வந்தது. புது முதலாளி வந்து முதல்ல பண்ணின பெரிய முதலீடு புது ஹாஸ்பிடல் இல்லை, வாடகையை நிறுத்தினது. என்னைக் கேட்டா, அந்த நேரத்துல அதுதான் சரியான முடிவு.

ப்ரொமோட்டர் இல்லாத கம்பெனி

நடுவுல 2018 இருக்கு. அந்த பிப்ரவரியில, ப்ரொமோட்டர் சகோதரர்கள் போர்டு ஒப்புதல் இல்லாமக் கம்பெனிப் பணத்துல குறைஞ்சது 500 கோடியை எடுத்ததா செய்தி வந்தது. ரெண்டு பேரும் போர்டுலேர்ந்து விலகினாங்க. அந்த அக்டோபர்ல செபி போட்ட இடைக்கால உத்தரவுல, 403 கோடியை வட்டியோட திரும்ப வசூலிக்கச் சொன்னது. பணம் போன வழி ரொம்ப சாதாரணமானது: இன்டர் கார்ப்பரேட் டெபாசிட். அதாவது ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்கிற குறுகிய காலக் கடன். ஆண்டறிக்கையில இது ஒரு சின்ன வரியாத்தான் உட்கார்ந்திருக்கும்.

அதே நேரத்துல இன்னொண்ணும் நடந்தது. 2017 முடிவுல மூணுல ஒரு பங்குக்கு மேல ஃபோர்டிஸ் ஷேர் வச்சிருந்த ப்ரொமோட்டர்கள், அதுல பெரும்பகுதியைக் கடனுக்கு அடமானம் வச்சிருந்தாங்க. நாம நகையை அடகு வைக்கிற மாதிரிதான். கடன் கொடுத்தவங்க அடமானத்தை எடுத்துக்கிட்டதும், அவங்க பங்கு 1%க்கும் கீழே போயிடுச்சு. நாட்டோட பெரிய ஹாஸ்பிடல் கம்பெனிகள்ல ஒண்ணு, நிஜத்துல முதலாளி இல்லாம நின்னது.

உடனே வரிசையில ஆள் வந்தாச்சு. மணிபாலும் டிபிஜியும் சேர்ந்து ஒரு பக்கம், முஞ்சால்-பர்மன் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பக்கம், ஐஹெச்ஹெச், சீனாவோட ஃபோசுன், கேகேஆர் ஆதரவோட ரேடியன்ட். 2018 மே மாசம் போர்டு பெரும்பான்மை ஓட்டுல முஞ்சால்-பர்மன் தரப்பைத் தேர்ந்தெடுத்தது. அவங்க போடறதா சொன்னது 1,800 கோடி. அதுல 800 கோடி ஒரு ஷேர் 167 ரூபாய் வீதம் உடனே, மிச்சம் வாரண்ட் மூலமா அப்புறம்.

பங்குதாரர்கள் ஒத்துக்கலை. சில முதலீட்டு நிறுவனங்கள் முன்கை எடுத்து சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வச்சாங்க. கூட்டத்துக்கு முன்னாடியே மூணு டைரக்டர்கள் ராஜினாமா. நாலாவது டைரக்டரை மே 22 அன்னைக்கு ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினாங்க. புது போர்டு ஏலத்தை மறுபடி நடத்தி, ஜூலையில ஐஹெச்ஹெச்சைத் தேர்ந்தெடுத்தது. 1,800 கோடிக்குப் பதிலா 4,000 கோடி, அதுவும் மொத்தமா முன்பணமா.

உங்க ஈமெயிலுக்கு மாசத்துல ரெண்டு மூணு தடவை “ஈ-வோட்டிங்”னு ஒண்ணு வருமே, திறந்து கூடப் பார்க்காம அழிக்கிறீங்களே, அதுதான் இது. உங்க 50 ஷேர் எதையும் மாத்தாதுன்னு தோணும். ஆனா மியூச்சுவல் ஃபண்ட் மூலமாவும் உங்க பணம் அங்கே ஓட்டுப் போடுது. ஃபண்ட் ஹவுஸ் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு தங்கள் இணையதளத்துல வெளியிடணும்ங்கிறது விதி. ஒரு தடவையாவது போய்ப் பாருங்க.

170 ரூபாய் ஓபன் ஆஃபர்: வாக்குறுதி எப்போ பணமாகும்?

செபி விதிப்படி ஒரு லிஸ்டட் கம்பெனியில 25% எல்லையைத் தாண்டி ஒருத்தர் பங்கு வாங்கினா, மத்த பங்குதாரர்கள்கிட்டேர்ந்து குறைஞ்சது இன்னும் 26% வாங்கிக்கத் தயார்னு அறிவிக்கணும். நிர்வாகம் கை மாறும்போது, “எனக்குப் புது முதலாளி வேண்டாம், நான் கிளம்பறேன்”னு சொல்ற சின்ன முதலீட்டாளருக்கு ஒரு வெளிவாசல். ஃபோர்டிஸ்ல ஐஹெச்ஹெச் 31.1% வாங்கினதால 170 ரூபாய்க்கு 26% ஓபன் ஆஃபர் கொடுத்தது.

“அப்போ சந்தையில 140க்கு வாங்கி 170க்குக் கொடுத்துட்டா 30 ரூபாய் லாபம் தானே சார்?” இந்த யோசனை எல்லாருக்கும் வரும். ரெண்டு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை விகிதம். ஐஹெச்ஹெச்சுக்கு 31% போனா மிச்சம் சுமார் 69%. அவ்வளவு பேரும் ஷேரைக் கொடுக்க வந்தா, எடுத்துக்கப் போறது 26% மட்டும். 26ஐ 69 ஆல வகுத்தா சுமார் 38%. நீங்க 100 ஷேர் கொடுத்தா மோசமான நிலைமையில 38 தான் 170க்குப் போகும், 62 உங்களுக்கே திரும்பி வரும், அதைச் சந்தை விலையில வச்சுக்கணும். எல்லாரும் கொடுக்க மாட்டாங்கங்கிறதால நிஜத்துல விகிதம் கூடலாம், ஆனா 100%னு நினைச்சுக் கணக்குப் போடாதீங்க.

ரெண்டாவது ஓட்டை காலம். ஆஃபர் 2018 டிசம்பர் 18 அன்னைக்குத் திறக்கவேண்டியது. டிசம்பர் 14 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் “இப்போ இருக்கிற நிலையே தொடரணும்”னு உத்தரவு போட்டுடுச்சு. காரணம், நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன ஜப்பான் கம்பெனி. ரான்பாக்ஸியை விக்கும்போது அமெரிக்க விசாரணை பத்தின உண்மையை மறைச்சுட்டாங்கன்னு டாய்ச்சி வழக்குப் போட்டு, 2016ல சிங்கப்பூர் நடுவர் மன்றத்துல சகோதரர்களுக்கு எதிரா 2,562 கோடி ரூபாய் அளவுக்குத் தீர்ப்பு வாங்கியிருந்தது. வட்டி, செலவு எல்லாம் சேர்த்தா சுமார் 3,500 கோடி. அந்தப் பணம் வரவேண்டிய சொத்து ஃபோர்டிஸ் ஷேர்தான், அதைக் கரைய விட்டுட்டாங்கங்கிறது டாய்ச்சியோட வாதம்.

நாலு நாள் இடைவெளியில கதவு மூடிடுச்சு. 2019 முழுக்கச் சந்தை விலை 170க்குக் கீழேதான். “170 நிச்சயம்”னு கணக்குப் போட்டு, அதுவும் கடன் வாங்கி உள்ளே வந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. 2022 செப்டம்பர் 22 அன்னைக்குத்தான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. சகோதரர்களுக்கு ஆறு மாசச் சிறை. ஷேர் விற்பனைகளை ஃபோரன்சிக் ஆடிட் பண்றதைப் பத்தி டெல்லி ஹைகோர்ட் பரிசீலிக்கணும்னும் சொன்னது. ஓபன் ஆஃபர் பிரச்சினை தீர்ந்துடும்னு எதிர்பார்த்திருந்த சந்தை, அன்னைக்கு ஷேரைப் போட்டு அடிச்சது.

இதுல இன்னொரு பக்கமும் உண்டு. கோவிடுக்குப் பிறகு ஹாஸ்பிடல் ஷேர்கள் ஏறி, ஃபோர்டிஸ் விலை 170ஐப் பல மடங்கு தாண்டிடுச்சு. 170க்குக் கொடுக்க முடியலையேன்னு 2018ல வருத்தப்பட்டு, ஆனா விக்காம வச்சிருந்தவங்களுக்கு அந்தத் தடை உத்தரவே பெரிய உபகாரமா முடிஞ்சது. இதைத் திறமைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கோர்ட் உத்தரவை வச்சு யாரும் போர்ட்ஃபோலியோ திட்டமிட முடியாது.

கூட்டாளி வெளியே போற நாள்

இணைப்பு தவிர, பார்ட்னர்ஷிப்னு ஒரு வகை இருக்கு. ஃபோர்டிஸோட லேப் கம்பெனி எஸ்ஆர்எல், 2023லேர்ந்து அஜிலஸ்னு பேர் மாறினது. அதுல பிரைவேட் ஈக்விட்டி கூட்டாளிகள் சுமார் 31.5% வச்சிருந்தாங்க. அவங்க ஒப்பந்தத்துல புட் ஆப்ஷன் இருந்தது. அதாவது, குறிச்ச காலத்துக்குள்ள ஐபிஓ மாதிரி வெளியேற வழி கிடைக்கலைன்னா, “என் பங்கை நீயே வாங்கிக்கோ”ன்னு ஃபோர்டிஸ்கிட்ட கேட்கிற உரிமை. கேட்டாங்க. ஃபோர்டிஸ் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி வாங்கிக்க வேண்டியதாச்சு.

கூட்டாளி உள்ளே வர்ற நாளன்னைக்குப் பேப்பர்ல போட்டோ வரும். அவர் போகும்போது யார் பணம் கொடுக்கணும்ங்கிறது ஆண்டறிக்கையில குறிப்புகள் பகுதியில மட்டும்தான் இருக்கும். “புட் ஆப்ஷன் லயபிலிட்டி”ன்னு தேடுங்க.

அரசோட கூட்டு சேர்றது வேற மாதிரி. டெல்லி இந்திரபிரஸ்தா அப்போலோவுல டெல்லி அரசுக்கு 26% பங்கு. நிலம் பெயரளவு வாடகைக்கு. பதிலுக்கு, மூணுல ஒரு பங்கு பெட் ஏழைகளுக்கு இலவசம்ங்கிறது நிபந்தனை. அந்த நிபந்தனை சரியா நிறைவேறுதான்னு பல வருஷமா கோர்ட்ல கேள்வி. முதலீட்டாளரா பார்த்தா மலிவான நிலம். அந்த மலிவுக்குப் பின்னாடி ஒரு கடமை இருக்கு, அதுக்கும் விலை உண்டு.

சென்னையில என்ன ஆச்சு?

ஐஹெச்ஹெச் வந்த பிறகு ஃபோர்டிஸ் தன் ஹாஸ்பிடல்களை வரிசைப்படுத்தி, எங்கே பெரிசா வளர முடியாதோ அங்கேர்ந்து விலக ஆரம்பிச்சது. 2023ல வடபழனி ஆற்காடு ரோடு ஹாஸ்பிடல் 152 கோடிக்குக் காவேரி குரூப்புக்குப் போச்சு. 2024 ஆரம்பத்துல அடையாறு மலர் ஹாஸ்பிடல் எம்ஜிஎம் ஹெல்த்கேர் கைக்கு மாறினது. ஒரு ஊர்ல சின்னதா ரெண்டு ஹாஸ்பிடல் வச்சுக்கிட்டு இருக்கிறதை விட, டெல்லி, பெங்களூரு மாதிரி ஏற்கனவே பலமா இருக்கிற இடத்துல பெட் சேர்த்தா லாபம்ங்கிறது நிர்வாகத்தோட கணக்கு. முதலீட்டாளர் கோணத்துல ஞாயமான கணக்குதான்.

ஆனா நீங்க முதலீட்டாளர் மட்டும் இல்லையே, நோயாளியோட பிள்ளையும் கூட. ஒரு ஹாஸ்பிடல் கை மாறினா அதோட சட்டப்படியான பேர் மாறும், இன்ஷூரன்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம் புதுசா போடணும். நடுவுல கொஞ்ச நாள் கேஷ்லெஸ் கிடைக்காம போகலாம். அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா, போர்டுல பேர் மாறின ஹாஸ்பிடல்ல அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி டிபிஏ நம்பருக்கு ஒரு போன் போட்டு “இன்னைக்கு நெட்வொர்க்ல இருக்கா?”ன்னு கேட்டுடுங்க. கம்பெனி குரூப் பாலிசி வச்சிருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்கிக்கலாம்தான், ஆனா மூணு லட்சம் முதல்ல உங்க கையிலேர்ந்து போகணுமே.

ஷேர் மாத்திக் கொடுத்தா வரி?

இந்த நாட்கள்ல காசே கை மாறாத இணைப்பும் நடக்குது. 2024 நவம்பர்ல ஆஸ்டர் டிஎம் ஹெல்த்கேரும் பிளாக்ஸ்டோன் ஆதரவு பெற்ற குவாலிட்டி கேர் இந்தியாவும் அறிவிச்ச இணைப்புல, குவாலிட்டி கேரோட 1,000 ஷேருக்கு ஆஸ்டரோட 977 ஷேர்னு விகிதம் வச்சாங்க. இங்கே “எத்தனை கோடி”ங்கிற கேள்வியை விட “எத்தனைக்கு எத்தனை”ங்கிறதுதான் முக்கியம். அந்த விகிதம் உங்க பக்கம் சாதகமா இல்லைன்னா, உங்க பங்கு சத்தமில்லாம கரையும். விகிதத்துக்கு ரெண்டு தரப்பும் வாங்கின மதிப்பீட்டு அறிக்கைகள் எக்ஸ்சேஞ்ச் இணையதளத்துல இருக்கும்.

நீங்க வச்சிருக்கிற ஷேர் இணைப்புல மறைஞ்சு, அதுக்குப் பதிலா இந்தியக் கம்பெனி ஒண்ணோட புது ஷேர் வந்தா, அன்னைக்கு வரி இல்லை. பழைய ஷேரை வாங்கின விலைதான் புது ஷேருக்கும் அடக்கவிலை, வாங்கின தேதியும் பழைய தேதிதான். சில ப்ரோக்கர் ஆப்ல புது ஷேர் வந்த நாளையே வாங்கின தேதியா காட்டும், அடக்கவிலையைச் சைபர்னு காட்டினதையும் பார்த்திருக்கேன். அதை அப்படியே ரிட்டர்ன்ல போட்டா தேவையில்லாம கூட வரி கட்டுவீங்க. பழைய கான்ட்ராக்ட் நோட்டைப் பத்திரமா வச்சுக்குங்க. விகிதத்துல மிஞ்சுற அரை ஷேர், கால் ஷேருக்குப் பணமா வந்தா, அதுக்கு மட்டும் மூலதன ஆதாயம் கணக்குப் பார்க்கணும்.

ஓபன் ஆஃபர்ல எக்ஸ்சேஞ்ச் வழியா கொடுத்தா சாதாரண விற்பனை மாதிரியேதான். இப்போ இருக்கிற விதிப்படி, ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா வருஷத்துக்கு 1.25 லட்சம் வரைக்கும் ஆதாயத்துக்கு வரி இல்லை, அதுக்கு மேல 12.5%. ஒரு வருஷத்துக்குள்ளன்னா 20%. அதனால ஆஃபர் முடியற தேதிக்கும் உங்களோட ஒரு வருஷம் முடியற தேதிக்கும் பத்து நாள்தான் வித்தியாசம்னா, டெண்டர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி அந்த 7.5% வித்தியாசத்தை ரூபாயில போட்டுப் பார்த்துடுங்க.